ஹார்ட் டிஸ்க்கின் சாவி யார் கையில்?

2011-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் வசித்துவந்த ஸ்டீபன் தாமஸ் என்ற ஜெர்மானிய நிரலாளர், பிட்காயின் என்றால் என்ன என்று விளக்கும் சிறிய அனிமேஷன் படம் ஒன்றைத் தயாரித்தார். அதற்கு வெகுமதியாக அவருக்கு 7,002 பிட்காயின்கள் கிடைத்தன. அவற்றைச் செலவழிக்கத் தேவையான ரகசிய எண்களை அவர் அலட்சியமாக வைக்கவில்லை. மூன்று பிரதிகள் எடுத்தார். இரண்டு பிரதிகள் தவறுதலாக அழிந்தன. மூன்றாவது, அயர்ன்கீ என்ற குறியாக்கம் செய்யப்பட்ட பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. அதன் கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்த காகிதம்தான் காணாமல் போயிற்று. அன்றைய விலையில் இழப்பு சுமார் 1,40,000 டாலர். 2021 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இந்தக் கதையை எழுதியபோது அதே காசுகளின் மதிப்பு ஏறக்குறைய 22 கோடி டாலர். அயர்ன்கீ பத்து முயற்சிகளை மட்டுமே அனுமதிக்கும். பத்தாவதும் தவறினால் உள்ளே இருப்பது நிரந்தரமாகப் போய்விடும். தாமஸ் எட்டு முறை முயன்றுவிட்டிருந்தார்.

அந்தக் கருவி பின்னர் சுவிட்சர்லாந்தின் பெட்டகம் ஒன்றில் வைக்கப்பட்டது. 2023-இல் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த அன்சைஃபர்டு என்ற நிறுவனம், அதே மாடல் அயர்ன்கீயை சி.டி. ஸ்கேன் செய்து, அதன் சிப்பை அறுத்துத் திறந்து, பத்து முறை என்ற வரம்பை முறியடிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது. தாமஸ் அவர்களிடம் கருவியைத் தரவில்லை. வேறு இரு குழுக்களுக்கு ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

பேக்கப் எடுப்பதைப் பற்றி எழுதுவோர் எல்லாம் சொல்லும் இரண்டு அறிவுரைகளையும் இந்த மனிதர் பின்பற்றியிருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி இருந்தது. வலுவான குறியாக்கம் இருந்தது. இருந்தும் போயிற்று. பேக்கப்பின் நோக்கம் ஒரு தகவலைத் தொலைக்காமல் இருப்பது. குறியாக்கத்தின் நோக்கம் அதை யாரும் திறக்காமல் இருப்பது. இவை இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. குறியாக்கம் செய்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர் உண்மையில் தீர்மானிக்க வேண்டியது இந்த இழுபறியைத்தான். கடையில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எத்தனை டெராபைட், எத்தனை வேகம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

குறியாக்கமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? முடியாது. சுவிட்சர்லாந்தில் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள் ஏறக்குறைய 50,000 பேர் வாழ்கிறார்கள். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அப்படியொரு வீட்டின் ஹார்ட் டிஸ்க்கில் என்னவெல்லாம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தஞ்சக் கோரிக்கையின்போது கொடுத்த வாக்குமூலத்தின் ஸ்கேன், வதிவிட அனுமதி அட்டை, வரிக் கணக்கு, மருத்துவக் காப்புறுதிக் கடிதங்கள், யாழ்ப்பாணத்துக் காணி உறுதி, கல்யாண வீடியோ, ஊரில் இருக்கும் உறவினர்களின் முகவரிகள். வாக்குமூலம் ஒன்றில் பெயர் குறிப்பிடப்பட்ட எவரோ இன்றும் வன்னியில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். டிராமில் மறந்து வைத்த டிஸ்க்கை எடுத்தவர் அதைத் தன் கணினியில் செருகினால் போதும். நம் மடிக்கணினியின் விண்டோஸ் கடவுச்சொல் அங்கே எதையும் தடுக்காது. அது கணினியின் வாசலைக் காக்கிறதே தவிர, வெளியே கழற்றி எடுத்த டிஸ்க்கைக் காப்பதில்லை.

பேக்கப் வேண்டாம் என்றும் விட்டுவிட முடியாது. அதைத் தமிழருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. அச்சான புத்தகங்களுக்கு வேறெங்கோ பிரதி கிடைத்தது. ஓலைச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் இரண்டாவது பிரதி கிடையாது. அவை போனது போனதுதான். இரண்டாம் பிரதி இல்லாத எதுவும் ஓர் இரவில் இல்லாமல் போகலாம் என்பதை நம் சமூகம் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இனி டிஸ்க்குக்குள் நடப்பதைப் பார்ப்போம். நாம் தட்டும் கடவுச்சொல்தான் நம் கோப்புகளைப் பூட்டுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டிஸ்க்கை முதன்முதலில் தயார் செய்யும்போது, மென்பொருளோ உள்ளிருக்கும் சிப்போ தற்செயலாக ஒரு பெரிய எண்ணை உருவாக்குகிறது. 256 பிட் நீளம். எழுதினால் 78 இலக்கம்வரை வரும். கோப்புகள் பூட்டப்படுவது இந்த எண்ணால்தான். இதைத் தரவுச் சாவி என்போம். இந்தச் சாவியை நாம் மனப்பாடம் செய்ய முடியாது என்பதால், நம் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட இன்னொரு சாவியால் இதைப் பூட்டி, டிஸ்க்கின் தலைப்பகுதியில் சில கிலோபைட் இடத்தில் எழுதி வைக்கிறார்கள். பெரிய பெட்டகத்தின் சாவியை ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பூட்டி அதே அறையில் வைத்துவிட்டு, சின்னப் பெட்டியின் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்வது போன்ற ஏற்பாடு.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. கடவுச்சொல்லை மாற்றுவது ஒரு நொடியில் முடிந்துவிடும். டிஸ்க் முழுவதையும் மறுபடி குறியாக்க வேண்டியதில்லை. இரண்டாவது கொஞ்சம் கவலை தருவது: நீங்கள் கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன்பே யாராவது தலைப்பகுதியைப் பிரதி எடுத்திருந்தால், பழைய கடவுச்சொல் அவருக்கு இன்னமும் வேலை செய்யும். தரவுச் சாவி மாறவே இல்லையே. மூன்றாவது, அந்தச் சில கிலோபைட் பழுதானால், கடவுச்சொல் சரியாக நினைவிருந்தும் டிஸ்க் முழுவதும் வெறும் இரைச்சலாகிவிடும்.

பூட்டும் கணிதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் உருவாக்கி, 2001-இல் அமெரிக்கா தரமாக ஏற்றுக்கொண்ட ஏ.இ.எஸ். முறைதான் இன்று எல்லாப் பெட்டிகளின்மேலும் அச்சாகியிருப்பது. கால் நூற்றாண்டாக உலகின் தேர்ந்த மூளைகள் முட்டிப் பார்த்தும் அதை உடைக்கும் நடைமுறை வழி எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே பெட்டிமேல் '256 பிட் ஏ.இ.எஸ்.' என்று இருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். உடைந்த கருவிகள் அத்தனையும் அதைத்தான் போட்டிருந்தன.

உடைந்தவற்றின் வரலாறு நீளமானது. 2010 ஜனவரியில் ஜெர்மனியின் சிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பாட்டிம் ஆகிய மூன்று பிராண்டுகளின் சில பென் டிரைவ்கள் அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 140-2 சான்றிதழ் பெற்றவை. அவற்றில் கடவுச்சொல்லைச் சரிபார்த்தது கணினியில் ஓடிய மென்பொருள். கடவுச்சொல் சரியென்றால் அது டிரைவுக்கு ஒரு 'திற' கட்டளையை அனுப்பும். அந்தக் கட்டளை எல்லா டிரைவுக்கும், எல்லாக் கடவுச்சொல்லுக்கும் ஒன்றேதான்! அதை நேரடியாக அனுப்பினால் எந்த டிரைவும் திறந்துகொண்டது. குறியாக்கம் ஒழுங்காகவே இருந்தது, சான்றிதழும் உண்மையானதே. சான்றிதழ் பரிசோதித்த பகுதி ஒன்று, ஓட்டை இருந்த பகுதி வேறொன்று.

2015-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வரிசையைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், சில மாடல்களில் தரவுச் சாவியை உருவாக்கிய தற்செயல் எண்கள் போதிய அளவு தற்செயலாக இல்லை என்று காட்டினார்கள். ஊகிக்கக்கூடிய எண்ணிலிருந்து பிறந்த 256 பிட் சாவி, பெயரளவில் மட்டுமே 256 பிட். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் கார்லோ மேயர், பெர்னார்ட் வான் காஸ்டல் இருவரும் செய்த ஆய்வுதான் இவற்றுள் மிகவும் அதிர்ச்சி தந்தது. குரூஷியல், சாம்சங் நிறுவனங்களின் தாமாகவே குறியாக்கம் செய்யும் எஸ்.எஸ்.டி.க்களை, கையடக்க டி3, டி5 உட்பட, அவர்கள் ஆராய்ந்தார்கள். சிலவற்றில் கடவுச்சொல்லுக்கும் தரவுச் சாவிக்கும் கணித உறவே இல்லை. உள்ளிருந்த கட்டுப்பாட்டு நிரலான ஃபர்ம்வேர் கடவுச்சொல்லை ஒப்பிட்டு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் முடிவு செய்தது. ஃபர்ம்வேரை மாற்றி எப்போதும் 'ஆம்' சொல்ல வைத்தார்கள், டிஸ்க் திறந்தது. அன்றைய விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர், டிஸ்க்கே குறியாக்கம் செய்வதாகச் சொன்னால் அதை நம்பித் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். 2019 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றி, தானே குறியாக்கம் செய்வதை இயல்பாக்கியது.

2022-இல் மறுபடி சிஸ் நிறுவனம். மத்தியாஸ் டேக் என்ற ஆய்வாளர் வெர்பாட்டிமின் எண்பலகை கொண்ட பென் டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் பிரித்தார். ஏ.இ.எஸ்.தான், ஆனால் பயன்படுத்திய விதம் தவறு: ஒரே மாதிரியான தரவுத் துண்டு எங்கே வந்தாலும் ஒரே மாதிரியான குறியாக்கத் துண்டாக மாறியது. அப்படி மாறினால் ஒரு படத்தைப் பூட்டிய பிறகும் அதன் உருவரை வெளியே தெரியும். டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டருக்கும் அதன் இட எண்ணையும் கணக்கில் கலந்து, ஒரே தரவு இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தோன்றச் செய்யும் எக்ஸ்.டி.எஸ். என்ற முறை 2007-லேயே தரமாகிவிட்டது. பதினைந்து ஆண்டு கழித்தும் அதைப் பயன்படுத்தாத கருவி 'பாதுகாப்பானது' என்ற பெயரில் விற்பனையானது.

இந்தக் கதைகளில் ஏ.இ.எஸ். என்ற மறைமுறையை யாரும் உடைக்கவில்லை. சாவியை உருவாக்கிய விதம், வைத்த விதம், கேட்ட விதம், மறைமுறையைப் பயன்படுத்திய விதம் ஆகியவையே உடைந்தன. அவை எல்லாம் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மூடிய மென்பொருளுக்கோ ஃபர்ம்வேருக்கோ உள்ளே இருந்தன.

சரி, அப்படியானால் நல்ல பெயருள்ள நாட்டின் தயாரிப்பை வாங்குவோமே என்று தோன்றலாம். 'சுவிஸ் தயாரிப்பு' என்ற முத்திரைக்கு இந்தத் துறையில் ஒரு தனி மவுசு உண்டு. அதற்கான பதில் சுவிட்சர்லாந்தின் சூக் மாநிலத்தில் இருக்கிறது. போரிஸ் ஹேகலின் 1952-இல் அங்கே தொடங்கிய கிரிப்டோ ஏ.ஜி. என்ற நிறுவனம், பல பத்தாண்டுகள் உலக நாடுகளுக்கு மறைமுறைக் கருவிகளை விற்றது. நடுநிலை நாடு, துல்லியமான பொறியியல், அரசியல் சார்பில்லை என்று நம்பி 120-க்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. இந்தியாவும் பாகிஸ்தானும் அவற்றில் அடக்கம். 2020 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட்டும் ஜெர்மன், சுவிஸ் தொலைக்காட்சிகளும் சேர்ந்து உண்மையை வெளியிட்டன. 1970 முதலே அந்த நிறுவனத்தின் ரகசிய உரிமையாளர்கள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும். தாங்கள் படிக்கத் தோதாகக் கருவிகளைப் பலவீனப்படுத்தி விற்றிருக்கிறார்கள். எதுவும் அறியாத அதன் விற்பனையாளர் ஹான்ஸ் பியூலர் 1992-இல் ஈரானில் கைதாகி ஒன்பது மாதம் சிறையில் கிடந்தார். ஜெர்மானியர் 1993-இல் விலகினார்கள்; அமெரிக்கர்கள் 2018 வரை நீடித்தார்கள்.

அரசாங்கங்களே ஏமாந்த இடம் அது. அவர்களிடம் நிபுணர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது. உள்ளே பார்க்க வழி மட்டும் இல்லை.

சூக்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் சூரிச். அங்குள்ள ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மேஸியும் சூயேஜியா லாயும் 1991-இல் 'ஐடியா' என்ற மறைமுறையை வெளியிட்டார்கள். அதன் ஒவ்வொரு படியும் ஆய்வுக் கட்டுரையாக அச்சானது. முடிந்தவர்கள் உடைத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்தின் முன்னால் வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் சாதாரண மக்களின் மின்னஞ்சலைக் காத்த பி.ஜி.பி. மென்பொருள் அதைத்தான் பயன்படுத்தியது. ஒரு சிறிய நாட்டுக்குள் அரை மணி நேரத் தொலைவில் இரண்டு வழிகள்: ஒன்று 'எங்களை நம்புங்கள்' என்றது, மற்றது 'நீங்களே பாருங்கள்' என்றது. முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்றபடி மறைமுறை அமைய வேண்டும் என்று 1883-இலேயே ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் எழுதிவிட்டார். ஹார்ட் டிஸ்க் வாங்கும்போதும் எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை.

ஆகவே என் பரிந்துரை எளிமையானது. குறியாக்கத்துக்கென்று விசேஷமான டிஸ்க் வாங்காதீர்கள். குறியாக்க வசதி எதுவும் இல்லாத சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு வாங்குங்கள், முடிந்தால் வேறு வேறு தயாரிப்பாளரிடமிருந்து. பூட்டும் வேலையைத் திறந்த மூலநிரல் கொண்ட மென்பொருளிடம் விடுங்கள். லினக்ஸில் லூக்ஸ் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வெராகிரிப்ட் ஓடும். 2014-இல் திடீரென்று கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட்டின் வழித்தோன்றல் அது; இலவசம். வீட்டில் எல்லாரும் மேக் பயன்படுத்துபவர்கள் என்றால் டைம் மெஷின் என்ற பேக்கப் வசதியின் குறியாக்கமும், விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்குப் பிட்லாக்கரும் போதும். அவற்றின் மூலநிரல் முழுக்கத் திறந்ததல்ல என்றாலும் பல்லாண்டுகளாகப் பலர் துருவிப் பார்த்தவை. பெட்டியின் மின்சுற்று எரிந்து போனாலும், மென்பொருளால் பூட்டிய டிஸ்க்கைக் கழற்றி வேறு உறையில் போட்டுப் படிக்கலாம். யூ.எஸ்.பி. சுற்றிலேயே குறியாக்கச் சிப் உள்ள மாடல்களில் அது முடியாது. கடவுச்சொல்லே வைக்காதவர்களுக்குக்கூட அந்தச் சுற்று பழுதானால் தரவு கிடைப்பது கடினம்.

எண்பலகை வைத்த டிஸ்க்குகளுக்கும் இடமுண்டு. வேறு வேறு கணினிகளில், மென்பொருள் நிறுவ அனுமதியில்லாத இடங்களில் வேலை செய்யும் வழக்கறிஞர், மருத்துவர், செய்தியாளர் போன்றவர்களுக்கு அவை உதவும். கணினியில் விசைகளைத் திருடும் தீய நிரல் இருந்தாலும் டிஸ்க்கின் மேலேயே அழுத்தும் எண் அதற்கு எட்டாது. ஆனால் அதில் இருப்பது ஒரே பிரதி என்றால் அது பேக்கப் ஆகாது. கைரேகை டிஸ்க்குகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மென்பொருள் வழியில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பத்து முறைக்கு மேல் முயல விடாத சிப் அங்கே இல்லை. டிஸ்க்கை எடுத்தவர் தலைப்பகுதியைப் பிரதி எடுத்துக்கொண்டு, ஆயிரம் கணினிகளில் இராப்பகலாக முயலலாம். இங்கே கடவுச்சொல்லின் நீளமே காவல். லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் எக்ஸ்லின் 2003-இல் இதை உலகுக்கு மறக்க முடியாதபடி காட்டினார். முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த 1.4 கிகாபைட் அட்டவணைகளைக் கொண்டு, எழுத்தும் எண்ணும் கலந்த பழைய விண்டோஸ் கடவுச்சொற்களில் 99.9 சதவீதத்தை 13.6 வினாடியில் கண்டுபிடித்தார். அந்தத் தாக்குதலைத் தடுக்கவே இப்போது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியான தற்செயல் எண் ஒன்றைக் கடவுச்சொல்லோடு கலக்கிறார்கள். அட்டவணை ஒன்றை எல்லாருக்கும் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு முயற்சியும் மெதுவாக நடக்கும்படியும் செய்கிறார்கள். வெராகிரிப்ட் இயல்பு அமைப்பில் ஒரே கணக்கை 5,00,000 முறை திரும்பச் செய்யும். மறைமுறை நிபுணர் ஜான்-ஃபிலிப் ஓமசோன் முன்னின்று நடத்திய ஒரு பன்னாட்டுப் போட்டியில் 2015-இல் வென்ற ஆர்கான்2 என்ற முறை, ஒவ்வொரு முயற்சிக்கும் பெரிய அளவில் நினைவகத்தையும் கேட்கிறது. ஆயிரக்கணக்கான முயற்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கு அது பெரும் இடைஞ்சல். லூக்ஸின் புதிய பதிப்பு அதைத்தான் பயன்படுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுச் சிற்றெழுத்து ஆங்கிலக் கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,900 கோடி. மெதுவாக்கும் ஏற்பாடு இல்லாமல் வினாடிக்கு நூறு கோடி முயற்சி செய்ய முடிந்தால் மூன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். மெதுவாக்கி, ஒரு கணினி வினாடிக்கு ஆயிரம் முயற்சி மட்டுமே செய்ய முடியும் என்று வைத்துக்கொண்டால் ஆறரை ஆண்டு ஆகும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நூறு கணினிகள் இருந்தால் 24 நாள்தான். இப்போது வேறு வழி. ஐந்து பகடைகளை உருட்டினால் 7,776 விளைவுகள் உண்டு. அத்தனை சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை அப்படித் தேர்ந்தெடுத்து, இதையே ஆறு முறை செய்து ஆறு சொற்களைச் சேர்த்து ஒரு கடவுச்சொல் அமைத்தால், வினாடிக்கு நூறு கோடி முயற்சி செய்பவருக்கும் சராசரியாக 35 லட்சம் ஆண்டுகள் தேவைப்படும். மெதுவாக்கும் ஏற்பாட்டை இதில் சேர்க்கவே இல்லை. சொற்களைப் பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மனத்துக்குப் பிடித்த பாட்டு வரி, பிள்ளைகளின் பெயர், ஊர்ப்பெயர், பிறந்த வருடம் இவற்றை நாம் யோசிப்பதற்கு முன்பே தாக்குபவரின் பட்டியல் யோசித்திருக்கும்.

தமிழர்களுக்கு இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் வைக்கலாமே என்ற ஆசை நியாயமானது. ஆனால் யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுத முடியும்: மெய்யோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்த்து, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு பைட்டுகள். மென்பொருள் அதைச் சமன் செய்யாவிட்டால், இன்று ஒரு விசைப்பலகைச் செயலியில் வைத்த கடவுச்சொல் ஐந்து ஆண்டு கழித்து வேறொன்றில் திறக்காது. ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களை எழுதுவதே பத்திரம். அடுத்தது சுவிஸ் விசைப்பலகை. அதில் ஆங்கில விசைப்பலகையின் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். குறியீடுகளும் வேறு வேறு விசையில். தட்டும்போது புள்ளி மட்டுமே தெரியும் பெட்டியில், சூரிச்சில் வைத்த கடவுச்சொல்லைச் சென்னையில் கடன் வாங்கிய கணினியில் தட்டி, 'தவறு' என்று வந்தால் மனம் பதறிவிடும். சிற்றெழுத்தும் இடைவெளியும் மட்டும் பயன்படுத்தி, அந்த இரண்டு எழுத்தையும் தவிர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். அலமாரியில் நெடுநாள் கிடக்கப் போவதென்றால் ஹார்ட் டிஸ்க். மின்சாரமே படாமல் ஆண்டுக்கணக்கில் வைக்க எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல. பையில் தூக்கித் திரிவதென்றால் எஸ்.எஸ்.டி.தான்; அது அதிர்வை நன்றாகத் தாங்கும். எதுவானாலும் வாங்கிய நாளிலேயே, ஒரு கோப்பைக்கூட எழுதுவதற்கு முன், குறியாக்கம் செய்துவிட வேண்டும். எஸ்.எஸ்.டி. நாம் அழித்ததாக நினைக்கும் பழைய தரவைத் தன் உபரிப் பகுதிகளில் வைத்திருக்கும். பின்னால் பூட்டுவது அங்கே எட்டாமல் போகலாம்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த நிலையில் செருகிக் கிடக்கும் டிஸ்க்குக்குக் குறியாக்கம் எந்தக் காவலும் தராது. பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். சுவிஸ் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளக் கெல்லர் வசதியாகத் தோன்றும், ஆனால் ஈரப்பதமும் வெள்ளமும் அங்கேதான் முதலில் வரும். உறவினர் வீடோ வங்கிப் பெட்டகமோ மேல்.

இங்கேதான் சாவியின் கேள்வி மறுபடி வருகிறது. கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதாதே என்ற பழைய அறிவுரை, அலுவலகத்து மேசைக்குச் சொன்னது. வீட்டு பேக்கப்புக்கு அது பொருந்தாது. எழுதுங்கள், இரண்டு காகிதத்தில் எழுதுங்கள், டிஸ்க் இருக்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். டிஸ்க் வங்கிப் பெட்டகத்தில் என்றால் காகிதம் வீட்டில், இன்னொரு காகிதம் அக்கா வீட்டில். டிஸ்க்கும் காகிதமும் ஒருவர் கையில் சேர்ந்தால்தான் ஆபத்து. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல், அவர் இறந்த நாளில் எல்லாப் படங்களையும் தன்னோடு கொண்டுபோய்விடும். வங்கிப் பெட்டகத்தைத் திறக்க வாரிசுச் சான்று பெறலாம்; ஏ.இ.எஸ்.ஸைத் திறக்க எந்த அதிகாரியிடமும் சான்று கிடையாது. யாரையும் தனியாக நம்பத் தயங்குபவர்களுக்கு அடி ஷமீர் 1979-இல் ஒரு வழி காட்டியிருக்கிறார். சாவியை ஐந்து பங்காகப் பிரித்து, ஏதாவது மூன்று சேர்ந்தால் மட்டுமே உயிர்பெறச் செய்யலாம். இரண்டு பங்கு கிடைத்தவருக்குச் சாவியைப் பற்றி ஒரு துளியும் தெரியாது. கடவுச்சொல்லைப் பாதியாகக் கிழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லை தாண்டுகிறவர்கள் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். சுவிஸ் குற்றவியல் நடைமுறையில் குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிரான சான்றைத் தானே தர வேண்டியதில்லை. பிரிட்டனில் கடவுச்சொல்லைக் கேட்டு உத்தரவிட முடியும். மறுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆம் பிரிவின்படி, குறியாக்கத்தை நீக்க உதவ மறுத்தால் ஏழு ஆண்டுவரை சிறை. பயணத்தில் தேவையில்லாத டிஸ்க்கை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் நல்லது.

பெர்ன் மாநிலத்து சானென் என்ற ஊரில், ஆல்ப்ஸ் மலைக்குள் குடைந்த ராணுவக் காப்பரண் ஒன்று இப்போது 'சுவிஸ் ஃபோர்ட் நாக்ஸ்' என்ற தரவுக் களஞ்சியம். 2010 மே மாதம் பிளானெட்ஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தினர் அங்கே ஒரு பெட்டியை வைத்தார்கள். அதில் இருந்தவை பொக்கிஷங்கள் அல்ல, ஜேபெக், பி.டி.எஃப். போன்ற கோப்பு வடிவங்களை எதிர்காலத்தில் எப்படி வாசிப்பது என்பதற்கான விளக்கங்கள். மலை அணுகுண்டைத் தாங்கும், ஆனால் வாசிக்கும் முறை மறந்துபோவதைத் தாங்காது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். வீட்டு டிஸ்க்குக்கும் அந்தக் கவனம் வேண்டும். பூட்டப் பயன்படுத்திய மென்பொருளின் பெயர், பதிப்பு, நிறுவும் கோப்பு ஆகியவற்றைப் பூட்டாத சிறு பென் டிரைவில் சேர்த்து வையுங்கள். தலைப்பகுதியின் பேக்கப்பையும் எடுத்து வையுங்கள். வெராகிரிப்ட்டிலும் லூக்ஸிலும் அதற்கென்றே வசதி உண்டு. டிஸ்க்கின்மேல் 'ஃபார்மட் செய்யாதே' என்று சீட்டு ஒட்டுங்கள். வெராகிரிப்ட்டால் முழுக்கப் பூட்டிய டிஸ்க்கைச் செருகினால், விண்டோஸுக்கு அது புரியாத இரைச்சலாகத் தெரியும். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். பழக்கத்தில் 'சரி' என்று அழுத்திவிடுபவர் எந்த வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

ஆண்டுக்கு ஒரு முறை, டிஸ்க்கை அமைத்தவர் அல்லாத இன்னொருவர், வேறு கணினியில், காகிதத்தை மட்டும் பார்த்து அதைத் திறந்து பத்துக் கோப்பையாவது மீட்டெடுக்க வேண்டும். இதைச் செய்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணமாட்டேன். ஐந்தாறு ஆண்டு கடந்த டிஸ்க்கை மாற்றுங்கள். பழையதை அப்புறப்படுத்தும்போது, பூட்டாத டிஸ்க்குக்குப் படும் பாடு இதற்கு இல்லை. ஹார்ட் டிஸ்க் என்றால் தலைப்பகுதியை மட்டும் அழித்து, அதன் பேக்கப்பையும் அழித்துவிட்டால் தரவுச் சாவி போய்விடும். மீதமுள்ள டெராபைட்டுகளை யாராலும் படிக்க முடியாது. சுவிட்சர்லாந்தில் மின்னணுப் பொருள் விற்கும் கடைகள் பழைய கருவிகளைக் கட்டணமின்றித் திரும்பப் பெற்றுக்கொள்ளும். மறுசுழற்சிக்கான கட்டணத்தை நாம் புதிய பொருள் வாங்கும்போதே செலுத்திவிடுகிறோம். புதிய டிஸ்க் வாங்கப் போகும்போது பழையதை அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம்.